கடையில் வைஃபை இருக்கிறது, முகவரிதான் இல்லை

தீபாவளிக்கு முந்திய வாரம். சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து கூட்டம். வருவோர் எல்லாரும் கடையின் வைஃபையில் கைப்பேசியை இணைக்கிறார்கள். மாலையில் கட்டணக் கருவியை அணைத்துப் போட்டால் அது இணையத்துடன் சேர மறுக்கிறது. வைஃபை சமிக்ஞை முழுதாக இருக்கிறது, சந்தாவும் கட்டியாகிவிட்டது. பிறகு என்ன கோளாறு?

ஐபி முகவரி தீர்ந்திருக்கலாம்.

தேக்கா நிலையத்தின் அஞ்சல் குறியீடு 210665. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தையும், கடைசி மூன்று புளோக் எண்ணையும் காட்டுகின்றன. 192.168.1.25 போன்ற ஐபி முகவரியும் ஏறக்குறைய அப்படித்தான். வீடுகளிலும் சிறு கடைகளிலும் பொதுவாக முதல் மூன்று எண்கள் கட்டமைப்பையும், கடைசி எண் அதிலுள்ள கருவியையும் குறிக்கும்.

கடைசி எண் 0 முதல் 255 வரைதான் இருக்க முடியும். இரு முனைகளையும் ரவுட்டருக்கான ஓர் எண்ணையும் கழித்தால் மிஞ்சுவது 253. பல ரவுட்டர்கள் அதிலும் ஒரு பகுதியை மட்டுமே இரவல் தரும். இரவல் காலம் பெரும்பாலும் 24 மணி நேரம். புடவை வாங்கிக்கொண்டு காலையிலேயே வீடு திரும்பியவரின் கைப்பேசிக்கும் மறுநாள் வரை அந்த எண் ஒதுக்கப்பட்டிருக்கும்.

என்ன செய்யலாம்?

கட்டணக் கருவி, அச்சு இயந்திரம், கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கு ரவுட்டரில் நிரந்தர எண்ணை ஒதுக்குங்கள். வாடிக்கையாளர்களுக்கு ‘விருந்தினர் வைஃபை’ வழி தனித் தொகுதி கொடுங்கள். இரவல் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். பிரித்து வைப்பதில் பாதுகாப்பும் உண்டு. முன்பின் தெரியாத கைப்பேசியும் உங்கள் கேமராவும் ஒரே கட்டமைப்பில் இருப்பது நல்லதன்று.

உலகத்துக்கும் இதே தட்டுப்பாடு

ஐபிவி4 முறையில் மொத்தமே ஏறக்குறைய 4.3 பில்லியன் முகவரிகள். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு அவற்றைப் பங்கிடுவது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் உள்ள ஏப்னிக் அமைப்பு. 2011 ஏப்ரலில் அதன் கையிருப்பு கடைசிப் பெருந்தொகுதிக்கு வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு 1,024 முகவரிகளுக்கு மேல் இல்லை என்று கட்டுப்பாடு வந்தது. 2019ல் அந்த வரம்பு 512 ஆனது.

அதனால் உலகின் பல இடங்களில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. அத்தகைய இணைப்பில், எல்லாம் சரியாக அமைத்திருந்தும், வீட்டிலிருந்து கடைக் கேமராவை நேரடியாகப் பார்க்க முடியாமல் போகலாம். முகவரியைப் பகிரும் யாரோ ஒருவர் செய்த தவற்றுக்காக ஓர் இணையத்தளம் உங்களையும் தடுக்கலாம்.

இதற்கான நிரந்தரத் தீர்வு ஐபிவி6. அதில் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் வழக்கமான தொகுதி ஒன்றே ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் போல 4 பில்லியன் மடங்குக்கு மேல் பெரியது. உங்கள் இணைப்பில் அது உண்டா, பொது முகவரி தனியாகக் கிடைக்குமா என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள்.

கூட்டம் வந்த பிறகு ரவுட்டரைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இராது. வாடிக்கையாளர் குறைந்த ஒரு பிற்பகலில் அதைப் பார்த்துவிடுங்கள்.