ஸ்லைடில் சிக்காத மலேரியா

மாத்திரை சாப்பிட்டதும் காய்ச்சல் விட்டது, கொசுவலைக்குள்தான் படுக்கை, அப்படியும் சில மாதம் கழித்து அதே குளிர், அதே நடுக்கம். எப்படி என்று கேட்டிருக்கிறார் சென்னை வாசகர் ஒருவர். விடை அவருடைய கல்லீரலில் இருக்கக்கூடும்.

ஒடிசாவின் காட்டுப் பகுதிகளில் மலேரியா என்றால் பெரும்பாலும் பால்சிபாரம் என்ற கிருமி வகை. மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. சென்னையில் மிகப் பெரும்பான்மை வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை. அதைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி, கிணற்றிலும் மூடி சரியில்லாத மாடித் தொட்டியிலும் முட்டையிடும் நகரத்துக் கொசு.

விரல் நுனி ரத்தத்தை ஸ்லைடில் தடவிச் சாயமேற்றிப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறியலாம். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு உப்பிப்போய், பொடிப் புள்ளிகளோடு தெரியும். பால்சிபாரம் புகுந்த அணு பெருப்பதில்லை; உள்ளே மெல்லிய வளையங்கள், சில சமயம் ஒரே அணுவில் இரண்டு மூன்று.

வைவாக்ஸின் பெரிய விசித்திரம் மட்டும் எந்த ஸ்லைடிலும் சிக்காது. கொசு கடித்ததும் கிருமிகள் கல்லீரலுக்குப் போகின்றன. பல அங்கே பெருகி ரத்தத்தில் இறங்குகின்றன. சில, பெருகாமல் அப்படியே ஒடுங்கிவிடுகின்றன, களை பறித்த வயலில் மண்ணுக்கடியில் தங்கிவிடும் கோரைக்கிழங்கைப் போல. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கிடந்துவிட்டு ஒருநாள் விழித்துக்கொள்ளும். புதிதாக ஒரு கொசுக்கடியும் தேவையில்லை. இத்தகைய உறங்கும் கிருமிகளைக் குரங்குகளின் கல்லீரலில் ஆய்வாளர்கள் நேரில் கண்டதே 1980களின் தொடக்கத்தில்தான்.

ஆகவே, ஒரு வட்டாரத்தில் மலேரியா எவ்வளவு என்று ஸ்லைடுகளை எண்ணிச் சொல்லும் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. இன்று காய்ச்சலின்றி நடமாடுபவர் அதில் வரமாட்டார். அடுத்த மாதம் அவருக்கு நடுக்கம் வந்தால், பழைய கிருமியின் வேலை புதுத் தொற்றாகப் பதிவாகிவிடக்கூடும்.

மூன்று நாள் கொடுக்கும் குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். கல்லீரலில் உறங்குவதை ஒழிக்க பிரைமாகுயின் வேண்டும். வழக்கமாக 14 நாள். காய்ச்சலோ மூன்று நான்கு நாளில் விட்டுவிடுகிறது. மீதி மாத்திரை அலமாரியில் தூங்குகிறது. இந்த அலட்சியத்துக்கு நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஏன் 14 நாள் என்று இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்குபவர்கள் எத்தனை பேர்? அதற்காகக் கடையில் தானே வாங்கி விழுங்கவும் கூடாது. ஜி-6-பி-டி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இம்மருந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை.

வாசகர் தம் பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகட்டும். பிரைமாகுயின் எழுதப்பட்டதா, முழுவதும் சாப்பிட்டாரா என்பதைத்தான் அங்கே முதலில் பார்க்க வேண்டும்.