கலைஞரின் பெயர் எங்கே? கலை ஆய்வு வெளியீட்டில் அறமும் நடைமுறையும்



நாட்டுப்புறக் கலைகளைப் பற்றிய தமிழ் முனைவர்பட்ட ஆய்வேடுகளைப் புரட்டியவர்களுக்கு ஒரு பக்கம் பழக்கமானது. பெரும்பாலும் அது பின்னிணைப்பில் இருக்கும். ‘தகவலாளர் பட்டியல்’ என்று தலைப்பிட்டு, வரிசை எண், பெயர், வயது, சாதி, தொழில், ஊர் என்று கட்டம் போட்டிருப்பார்கள். நூறு பாட்டுப் பாடிய பாட்டியும், அடிமுறைகளைச் சொல்லிக்கொடுத்த பறை ஆசானும், விடியவிடியக் கூத்துக் கதையை விளக்கிய வாத்தியாரும் அந்தக் கட்டத்துக்குள் ஆளுக்கொரு வரி. முன்பக்கத்தில் ஆய்வாளர் பெயர், நெறியாளர் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர். ஆய்வேடு நூலாக வரும்போது, பக்கத்தை மிச்சப்படுத்த அந்தப் பின்னிணைப்பையும் எடுத்துவிடுவது உண்டு.

அறிவைக் கொடுத்தவர் யார், அது யார் பெயரில் அச்சேறியது, கொடுத்தவருக்குத் திரும்ப வந்தது என்ன? கலை பற்றிய ஆய்வு வெளியீட்டின் அறம் இந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். ஆய்வுலகில் இதற்கென விதிகளும் நடைமுறைகளும் உண்டு. அவை எங்கிருந்து வந்தன, எப்படி இயங்குகின்றன, நம் கலைஞர்களை எந்த இடத்தில் கைவிடுகின்றன என்பதை இவ்வுரையில் பார்ப்போம். இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் நாளைய ஆய்வாளர்கள். களத்தில் நிற்கும் தோழர்களோ ஆய்வுக்கு உட்படுத்தப்படுகிறவர்கள். இரு தரப்புக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

விதிகள் எங்கிருந்து வந்தன

இன்றைய ஆய்வு அறநெறிகளில் பெரும்பகுதி மருத்துவத் துறையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களை அரசுப் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தது. பென்சிலின் வந்த பிறகும் தரவில்லை. என்ன ஆய்வு என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அந்தக் கொடுமை வெளிவந்ததன் விளைவாக 1979இல் பெல்மாண்ட் அறிக்கை உருவானது. ஆய்வுக்கு உட்படுகிறவர் விவரம் அறிந்து ஒப்புதல் தர வேண்டும் என்ற கொள்கை அதில் உறுதிப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் உடம்பு கொடுத்த விலையில் எழுதப்பட்ட விதிகள் இவை.

பதிப்புக்கான விதிகளுக்கும் மருத்துவ இதழ்களே வழிகாட்டின. 1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கூடிப் ‘பதிப்பு நெறிகளுக்கான குழு’வைத் தொடங்கினார்கள். ‘கோப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பில் இன்று கலை, மானுடவியல் இதழ்களும் உறுப்பினராக உள்ளன.

கலை, பண்பாட்டு ஆய்வுக்கு நம் மண்ணிலேயே ஒரு முன்கதை உண்டு. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்தார்கள், படம் எடுத்தார்கள். படத்தின் கீழே பெரும்பாலும் இருப்பது சாதியின் பெயர். ஆளின் பெயர் இல்லை. தகவலாளர் பட்டியலின் ‘சாதி’ என்ற கட்டத்தைப் பார்க்கும்போது அந்த அளவுகோல் நமக்கு நினைவுக்கு வருகிறது.

ஒரு கட்டுரை அச்சேறும் வழி

கட்டுரை ஆய்விதழுக்குப் போனதும் ஆசிரியர் முதலில் படித்துப் பார்க்கிறார். பொருத்தமானது என்றால் அத்துறை அறிந்த இருவர் அல்லது மூவருக்கு மதிப்பாய்வுக்கு அனுப்புகிறார். எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாதபடி செய்வது மானுடவியல் துறைகளில் பரவலான முறை. கருத்துத் திருட்டு உண்டா என்று மென்பொருளில் சோதிக்கிறார்கள். படங்களுக்கு அனுமதி வாங்கப்பட்டதா, யார் பணத்தில் ஆய்வு நடந்தது, எழுதியவருக்கு இதில் சொந்த ஆதாயம் உண்டா என்றும் கேட்கிறார்கள். திருத்தம் முடிந்த பிறகே கட்டுரை அச்சேறுகிறது.

இந்த நடைமுறையை முறையாகச் செய்யும் இதழ்களும் உண்டு, பணம் வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களும் உண்டு. 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன்பின் உருவாக்கிய ‘கேர்’ பட்டியலையும் 2025இல் கைவிட்டு, இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வரும் நம் மாணவர்களே இந்தப் பணச் சந்தையில் எளிதில் சிக்குகிறார்கள். சில நாளில் வெளியிட்டுத் தருகிறோம் என்று கட்டணம் கேட்கும் இதழில் மதிப்பாய்வு நடக்காது.

ஒழுங்கான இதழில்கூட ஓர் இடைவெளி இருக்கிறது. மேலே சொன்ன ஒவ்வொரு படியிலும் ஆய்வாளர் ஒருவரை இன்னோர் ஆய்வாளர் சோதிக்கிறார். பறையைப் பற்றிய கட்டுரையைப் பறையடிக்கத் தெரிந்த ஒருவர் மதிப்பிட வேண்டும் என்று எந்தப் படியும் கேட்பதில்லை.

மென்பொருளுக்குக் கேட்காத குரல்

கருத்துத் திருட்டைத் தடுக்க மானியக் குழு 2018இல் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மாணவர்கள் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

மென்பொருள் செய்வது ஒன்றுதான். ஏற்கெனவே எழுத்தாகி, தன் கிடங்கில் இருப்பதோடு புதிய எழுத்தை ஒப்பிடுகிறது. ஓர் ஆசான் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வோர் அடிக்கும் சொன்ன விளக்கம் அந்தக் கிடங்கில் இல்லை. அதை அப்படியே எழுதித் தன் கண்டுபிடிப்பாகக் காட்டினாலும் ஒப்புமை சுழியம் என்றே வரும். பத்தாண்டு கழித்து அந்த ஆசானின் பேரன் கல்லூரிக்கு வந்து, தாத்தா சொன்ன அதே விளக்கத்தை எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முன்னவர் அச்சில் போட்ட சொற்களோடு அவன் சொற்கள் பொருந்தினால், மென்பொருள் சிவப்புக் கோடு போடுவது அவனுக்குத்தான். எழுத்து மறுக்கப்பட்டவர்களின் அறிவு, முதலில் எழுதியவரின் சொத்தாக மாறும் வழி இது. எந்த விதியும் மீறப்படாமலே இது நடந்துவிடும்.

இதற்கு மாற்று எளியது. நூலை மேற்கோள் காட்டுவதுபோல் ஆசானையும் மேற்கோள் காட்ட வேண்டும். கருத்து வரும் அதே வரியில் அவர் பெயர், ஊர், சொன்ன நாள் ஆகியவை வர வேண்டும். வாய்மொழி நேர்காணலை அடிக்குறிப்பில் சுட்டுவதற்கு உலகெங்கும் முறைகள் உண்டு. பின்னிணைப்புக் கட்டத்திலிருந்து கட்டுரையின் உடலுக்குள் கலைஞரைக் கொண்டுவர அதுவே போதும்.

பெயரை மறைப்பதா, சொல்வதா

மருத்துவ ஆய்வில் நோயாளியின் பெயரை மறைப்பது அறம். கலை ஆய்வில் அதே விதியை அப்படியே பின்பற்றினால் கலைஞர் ‘தகவலாளர் 4’ ஆகிவிடுவார். ரவிவர்மா படத்தைப் பற்றி எழுதும் எவரும் ‘திருவிதாங்கூர் ஓவியர் ஒருவர்’ என்று எழுதுவதில்லை. 2025இல் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது நாட்டின் விருதுப் பட்டியலில் ஒரு பறைக் கலைஞரின் பெயர் ஏறியது. விருதுப் பட்டியலில் ஏறும் பெயர் ஆய்விதழிலும் ஏற வேண்டும்.

மறைக்க வேண்டிய இடமும் உண்டு. அதே கலைஞர், சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காக ஊரில் தமக்கு என்ன நடந்தது என்றும் சொல்லியிருப்பார். அதை அவர் பெயரோடு அச்சிட்டால் நாளை அந்த ஊரில் வாழப்போவது அவர்தான், ஆய்வாளர் அல்ல. கலைக்குப் பெயர் சொல்வதும் சாட்சியத்துக்குப் பெயர் மறைப்பதும் ஒரே கட்டுரையில் தேவைப்படலாம். ஆகவே ஒப்புதலை ஒரே கையெழுத்தில் வாங்கக் கூடாது. பாட்டுக்குத் தனியாக, படத்துக்குத் தனியாக, வாழ்க்கைக் கதைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். எழுதிய பிறகு தமிழில் படித்துக் காட்டி மறுபடியும் கேட்க வேண்டும்.

ஆசிரியர் யார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த அளவுகோலின்படி, ஆய்வுக்குப் பங்களித்தால் மட்டும் ஒருவர் ஆசிரியர் ஆகிவிட மாட்டார். கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ அவருக்குப் பங்கு இருக்க வேண்டும். எழுதத் தெரியாத கலைஞர் இதனால் நன்றியுரைக்குப் போய்விடுகிறார். வேறு வழி உண்டு என்பதற்குப் புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த தலித் விவசாயக் கூலிப் பெண் வீரம்மாவின் நூல் சான்று. இசை ஆய்வாளர் ஜோசியான் ரசீனிடம் அவர் பல ஆண்டுகளாகச் சொன்ன வாழ்க்கை, பிரெஞ்சில் 1995இலும் ஆங்கிலத்தில் 1997இலும் நூலாக வந்தது. ஆசிரியர்களின் வரிசையில் முதல் பெயர் வீரம்மாவுடையது. ஜோசியான் ரசீனும் ழான்-லுக் ரசீனும் அடுத்து வருகிறார்கள்.

கலைஞரே ஆய்வாளராகும்போது கேள்வியே மாறிவிடுகிறது. மேடையில் பாடிய கே.ஏ. குணசேகரன்தான் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலையைக் கற்பித்தார், நாட்டுப்புற இசையை ஆராய்ந்தார், ‘வடு’ என்று தன் வரலாற்றையும் எழுதினார். அந்த வரிசை நீள வேண்டும்.

படம், ஒலி, சட்டம்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகிறவருக்கும் உரிமை தருகிறது. 38ஆம் பிரிவின்படி அவ்வுரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, இது என் நிகழ்ச்சி என்று தம்மை அடையாளப்படுத்தும்படி கேட்கவும், தம் நற்பெயர் கெடும்படி நிகழ்ச்சியைத் திரித்தால் தடுக்கவும் கலைஞருக்கு உரிமை தருகிறது. பாடகர், ஆடுபவர், இசைப்பவர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இச்சட்டத்தில் நிகழ்த்துகிறவர்களே.

ஆனால் 39ஆம் பிரிவு ஒரு வாசலைத் திறந்துவைக்கிறது. உண்மையான கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ மட்டும் பதிவு செய்தால் அது உரிமை மீறலாகாது. அதாவது ஆய்வாளர் கேட்காமலே பதிவு செய்வதைச் சட்டம் தடுக்காது. அதே பதிவை யூடியூபில் ஏற்றினாலோ குறுந்தகடாக விற்றாலோ அந்தச் சலுகை பொருந்தாது. புகைப்படத்தின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கே. படத்தில் இருப்பவருக்கு அதில் பங்கு இல்லை. அதனால்தான் படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது, நடுவில் நிற்பவர் ‘பறைக் கலைஞர்’ என்று மட்டும் இருக்கிறார்.

ஒப்பாரி இன்னும் கடினமானது. மார்பில் அடித்துக்கொண்டு பாடும் பெண் அப்போது கலைஞர் மட்டும் அல்லர், இழவு கொடுத்தவரும்தான். அந்த நேரத்தில் கேட்டு வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே ஆகாது. பதிவுக்கருவியை வெளியில் வைத்துவிட்டுத் துக்கத்தில் கலந்துகொண்டு, கருமாதி எல்லாம் முடிந்த பிறகு போய்க் கேட்பதே முறை. சட்டம் விட்டுவைத்த இடத்தை இப்படி அறம்தான் நிரப்ப வேண்டும்.

தவறு நடந்தால் என்ன செய்வது

அச்சான கட்டுரை வேதவாக்கு அல்ல. முதலில் அந்த இதழின் ஆசிரியருக்கு எழுத வேண்டும். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன தவறு, நம்மிடம் உள்ள சான்று என்ன என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். புகார் தர ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. பாடிய பாட்டியின் பேத்தியும் எழுதலாம். சிறு பிழைக்குத் திருத்தம் வெளியிடுவார்கள். விசாரணை நீளும்போது ஐயக்குறிப்பு போடுவார்கள். அடிப்படையே தவறு என்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். அப்போதும் அது அழிக்கப்படாது, திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையோடு இருக்கும். இதழ் ‘கோப்’ உறுப்பினராக இருந்து, இதழின் சொந்தப் புகார் முறை முடிந்தும் நியாயம் கிடைக்காவிட்டால் அங்கே முறையிடலாம். ஆய்வேடு என்றால், கல்வி நிறுவனத்தின் ஆய்வு நேர்மைக் குழுவுக்கு எழுத 2018 விதிகள் இடம் தருகின்றன.

நம் கையில் உள்ளது

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் பல தலைமுறைகளாக ஆய்வு செய்யப்பட்டவர்கள். 2017இல் அவர்களே தங்களுக்கான ஆய்வு அறநெறியை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை ஆகியவற்றை அது முன்வைக்கிறது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்களைப் படம் எடுத்தது போன்ற அவமதிப்புகளை அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. தங்கள் மக்களிடம் ஆய்வு செய்ய வருகிறவர்கள் அந்த நெறியை ஏற்று நடக்க வேண்டும் என்று கேட்கிறது.

தலித் கலைக் குழுக்களும் அப்படி ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளலாம். பெயர் எங்கே, எப்படி வரும்? பதிவின் நகல் குழுவுக்குக் கிடைக்குமா? எழுதியதைப் படித்துக் காட்டுவார்களா? நூல் விற்றால் பங்கு உண்டா? தரும் அனுமதி எத்தனை ஆண்டுக்கு? உரிமையை எழுதிக்கொடுக்கும் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது. ஆகவே படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். தோழர்கள் உடன் இருந்து படித்துக் காட்டுங்கள்.

மாணவர்கள் தங்கள் துறையில் மூன்றைக் கேட்கலாம். தகவலாளர் பட்டியலில் சாதிக் கட்டம் எதற்கு என்று கேளுங்கள். ஆய்வுக்குத் தேவையென்றால் காரணம் எழுதட்டும். வாய்மொழித் தேர்வுக்கு, ஆய்வில் வரும் கலைஞரை அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள். இது சரியா என்று அவரிடமும் கேட்கட்டும். ஆய்வேட்டின் ஒரு படி பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும்போது இன்னொரு படி அந்த ஊர்ப் படிப்பகத்துக்கும் போகட்டும். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. அடுத்த ஆய்வேட்டிலிருந்தே தொடங்கலாம்.