ஏடும் படச்சுருளும்

மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே பௌத்தத் திரிபிடகம் ஏடேறியது என்பது மரபு. எழுத்தாணி கீறிய எழுத்து எளிதிற் புலப்படாது. எண்ணெயிற் குழைத்த கரியைப் பூசித் துடைத்த பின்னரே துலங்கும். கறுப்பு வெள்ளைப் படச்சுருளின் இயல்பும் இதனை ஒத்ததே. ஒளிபட்ட வெள்ளி உப்பில் உருவம் மறைந்து கிடக்கும். உருத்துலக்கும் கரைசல் அவ்வுப்பை வெள்ளியாக்கி, உருவைக் கருமையாய் வெளிப்படுத்தும்.

இதனை இல்லத்திலேயே செய்தல் கூடும். முழு இருளிற் சுருளை ஒளிபுகாக் கலத்துள் இட்டு மூடியபின், ஏனைய பணிகளை வெளிச்சத்திலேயே ஆற்றலாம். துலக்குதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். மாத்தளையின் நீர் பெரும்பாலும் அதனினும் வெப்பமுடையது. ஆதலின் கரைசலைப் பனிக்கட்டி நீரால் குளிர்வித்தல் வேண்டும். அன்றேல் துலக்கும் நேரத்தைக் குறைத்தல் வேண்டும். அடுத்து, ஹைப்போக் கரைசல் ஒளிபடாத உப்பைக் கரைத்து நீக்கும். இவ்வியல்பை ஜோன் ஹேர்ஷல் 1819 இல் கண்டறிந்தார்.

நன்கு கழுவாவிடின் எஞ்சிய ஹைப்போ படத்தைக் கெடுக்கும். உலர்ந்த பின்னரும் ஈரக்காற்றிற் பூஞ்சணம் பற்றும். உலர்ந்த சுருளை ஸ்கேனரிற் படியெடுத்து, கணினியில் கருமையை வெண்மையாக மாற்றி நேர்ப்படம் பெறுதல் இன்று எளிது. எனினும் கணினிப்படியும் அழியக்கூடியதே. ஓலை சிதையுமுன் படியெடுத்தே முன்னோர் ஏடுகளைக் காத்தனர். படியை எடுத்து மூலச் சுருளையும் பேணுவோர் இல்லத்திலேயே குடும்பத்தின் பழைய முகங்கள் நிலைபெறும்.