வெஜ் பர்கர்னா லைட்டா? ஒரே மாதிரி பர்கர்களை ஒப்பிடுவது எப்படி

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகச் சுருக்கி, திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடு கோடிங் பத்தி இல்ல, பர்கர் பத்தி. ஆனா பேசறது ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர். அதனால எங்க சுத்தினாலும் கடைசியில டேட்டாவுலதான் வந்து நிக்கும், பொறுத்துக்குங்க.

போன புரட்டாசியில ஒரு சனிக்கிழமை. அம்மா, அப்பா, நான் மூணு பேரும் ஒரு மால்ல இருக்கோம். மதியம் ரெண்டு மணி, செம பசி. அதுக்கு ஆறு மாசம் முன்னாடிதான் அப்பாவுக்கு பிபி இருக்குன்னு தெரிஞ்சது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பைக் குறைங்க சார்"னு சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா இந்த விஷயத்துல ரொம்ப சின்சியர். ஊறுகாயை நிறுத்திட்டார், அப்பளத்தை நிறுத்திட்டார், தயிர் சாதத்தை உப்பு இல்லாமலே சாப்பிடப் பழகிட்டார். அன்னிக்கு பர்கர் கடை மெனுவைப் பார்த்துட்டு, இருக்கிறதிலேயே பெரிய வெஜ் பர்கரைக் காட்டி, "இதைச் சொல்லும்மா. புரட்டாசிக்கும் ஆச்சு, வெஜ்தானே, லைட்டாவும் இருக்கும்"னார். சாப்பிட்டு முடிச்சிட்டு, "பரவாயில்லையே, உப்பே தெரியலை"ன்னும் சொன்னார்.

நானும் சரின்னு தலையாட்டிட்டேன். ராத்திரி வீட்டுக்கு வந்து சும்மா அந்த பர்கரோட விவரத்தைத் தேடினப்பதான், 'வெஜ்'லயிருந்து 'லைட்'டுக்கு நாங்க ரெண்டு பேரும் எவ்வளவு சுலபமா தாவிட்டோம்னு புரிஞ்சது. அந்தத் தாவல் பத்திதான் இந்த எபிசோடு.

போர்டில் இருக்கும் ஒரே ஒரு எண்

முதல்ல ஒரு நல்ல விஷயம். 2022 ஜூலையிலிருந்து நம்ம நாட்டுல ஒரு விதி அமலில் இருக்கு. மத்திய உரிமம் வாங்கின, அல்லது 10 அல்லது அதுக்கு மேல இடங்கள்ல கிளை வெச்சிருக்கிற உணவகங்கள், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பக்கத்துல எத்தனை கிலோ கலோரின்னு மெனுவில காட்டணும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் கொண்டு வந்த விதி இது. ஒரு நாளைக்கு சராசரியா 2000 கிலோ கலோரி தேவைன்னு ஒரு வரியும் மெனுவில இருக்கும்.

பிரச்சினை என்னன்னா, போர்டுல நம்ம கண்ணுல படறது அந்த ஒரு எண் மட்டும்தான். சோடியம், கொழுப்பு, புரதம் எல்லாம் பெரும்பாலும் வெப்சைட்லயோ கையேட்டுலயோ போய்ப் பார்த்தாதான் உண்டு. எங்க பாஷையில சொன்னா, ஒரு பெரிய ஃபைலை ஒரே எண்ணா சுருக்கி வெச்சிருக்காங்க. எண் ஒண்ணா இருந்தா உள்ளே இருக்கிறதும் ஒண்ணுதான்னு நினைச்சா மாட்டிக்குவோம்.

இதை எண்களை வெச்சே பார்க்கலாம். நான் எடுத்துக்கிட்டது மெக்டொனால்ட்ஸ் இந்தியா வெளியிட்ட ஊட்டச்சத்து அட்டவணை. அந்த மெனுவில ஒரே பர்கரோட வெஜ் வடிவமும் சிக்கன் வடிவமும் ஜோடி ஜோடியா இருக்கு. ஒப்பிடறதுக்கு அதைவிட வசதி கிடையாது. எண்களை முழு எண்ணா மாத்திச் சொல்றேன். ரெசிபியோ சைஸோ மாறினா எண்ணும் மாறும். அதனால நீங்க ஆர்டர் பண்ற அன்னிக்கு இருக்கிற அட்டவணையையும் ஒரு தடவை பார்த்துக்குங்க.

ஒரே கலோரி, வேற வேற பர்கர்

முதல் ஜோடி: மெக்வெஜ்ஜி, மெக்சிக்கன்.

மெக்வெஜ்ஜி: 168 கிராம், 402 கிலோ கலோரி.
மெக்சிக்கன்: 173 கிராம், 401 கிலோ கலோரி.

போர்டை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். இப்ப உள்ளே போவோம். மெக்வெஜ்ஜியில புரதம் 10 கிராம், மெக்சிக்கன்ல 16 கிராம். மாவுச்சத்து அதுல 57, இதுல 48. கொழுப்பு அதுல 14, இதுல 16.

இதெப்படி ஒரே கலோரியில வந்து நிக்குது? கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு கிராம் புரதம் 4 கிலோ கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்து 4, ஒரு கிராம் கொழுப்பு 9. சிக்கன் பர்கர்ல மாவுச்சத்து 9 கிராம் குறையுது, அதாவது 36 கிலோ கலோரி. அதே அளவு புரதத்துலயும் கொழுப்புலயும் திரும்ப ஏறிடுது. கூட்டிப் பார்த்தா பழைய இடத்துக்கே வந்துடுது. இந்த 4-4-9 கணக்கை மனசுல வெச்சுக்குங்க, எந்த பாக்கெட்டைத் திருப்பினாலும் உதவும்.

ஏன் இப்படின்னா, வெஜ் பேட்டியில இருக்கிறது உருளைக்கிழங்கு, பட்டாணி, கேரட், பீன்ஸ். அதுக்கு மேல பிரெட் தூள். காய்கறி இருக்கு, ஆனா எடையில பெரும்பங்கு கிழங்கும் மாவும்தான். ரெண்டு பக்கமும் பன் வேற. பச்சைப் புள்ளி சாப்பாடு எதுல செஞ்சதுன்னு சொல்லும். எவ்வளவு கனம்னு சொல்லாது.

மகாராஜா ஜோடி

அடுத்தது பெரிய ஆளுங்க. வெஜ் மகாராஜா மேக், சிக்கன் மகாராஜா மேக். ரெண்டும் கிட்டத்தட்ட 300 கிராம். பேரும் ஒண்ணு, உயரமும் ஒண்ணு.

சிக்கன்: 689 கிலோ கலோரி, புரதம் 34 கிராம், கொழுப்பு 37, மாவுச்சத்து 55.
வெஜ்: 833 கிலோ கலோரி, புரதம் 24 கிராம், கொழுப்பு 38, மாவுச்சத்து 94.

வெஜ்தான் 144 கிலோ கலோரி அதிகம்! கொழுப்பு ரெண்டுலயும் கிட்டத்தட்ட சமம். வித்தியாசத்தைக் கொண்டு வர்றது மாவுச்சத்து, 39 கிராம் கூடுதல். சிக்கன் பேட்டி க்ரில் பண்ணது. வெஜ் பேட்டி சோளமும் சீஸும், வெளிப்பூச்சோட பொரிச்சது. அதனால நிறைவுற்ற கொழுப்பும் வெஜ்லதான் அதிகம். சிக்கன்ல 10 கிராம், வெஜ்ல 17. நம்ம நாட்டு லேபிள்கள்ல ஒரு நாளைக்கு 22 கிராம்னு கணக்கு வெச்சுக்கறாங்க. 17 அதுல முக்கால் பங்கு.

இதோட நிறுத்தியிருந்தா, 'சிக்கன்தான் நல்லது'ன்னு ஒரு தலைப்பு போட்டு ஒரு ரீல்ஸ் எடுத்துட்டுப் போயிருப்பேன். ஆனா எனக்குப் பார்க்க வேண்டியது அப்பாவோட காலம், அதாவது சோடியம். அங்க கதை திரும்புது. சிக்கன் மகாராஜாவில 1855 மில்லிகிராம். வெஜ்ல 1529.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற வரம்பு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள்ள. உப்பா மாத்தினா 5 கிராம், தட்டையா ஒரு டீஸ்பூன். சோடியத்தை இரண்டரையால பெருக்கினா உப்பு. சிக்கன் மகாராஜாவில 4.6 கிராம் உப்பு. வெஜ்ல 3.8. கலோரியில தோத்த பர்கர் உப்புல ஜெயிக்குது. ஆனா அது ஜெயிச்சும் ஒரு நாள் உப்புல முக்கால்வாசி, ஒரே வேளையில, அதுவும் ஃப்ரைஸ் இல்லாம.

நாக்குக்குத் தெரியாத உப்பு

அப்பா "உப்பே தெரியலை"ன்னு சொன்னது பொய் இல்ல. ஊறுகாய்ல உப்பு நேரா நாக்குல படும். பர்கர்ல அது பிரிஞ்சு உட்கார்ந்திருக்கு. பன்ல கொஞ்சம், பேட்டியில கொஞ்சம், சாஸ்ல கொஞ்சம், ஊற வெச்ச மிளகாய்ல கொஞ்சம், சீஸ்ல நிறைய. கூடவே பன்லயும் சாஸ்லயும் சர்க்கரை வேற இருக்கிறதால, உப்பு முன்னாடி வந்து நிக்காது.

ஒரு சீஸ் ஸ்லைஸ் எவ்வளவு உப்பு சேர்க்கும்? இதுக்கு அமெரிக்க மெனுவில ஒரு அழகான டெஸ்ட் கேஸ் இருக்கு. அங்க மெக்டொனால்ட்ஸ்ல டபுள் சீஸ்பர்கர்னு ஒண்ணு, மெக்டபுள்னு ஒண்ணு. ரெண்டுலயும் அதே பன், அதே ரெண்டு மாட்டிறைச்சி பேட்டி. ஒரே வித்தியாசம், மெக்டபுள்ல ஒரு சீஸ் ஸ்லைஸ் குறைவு. 2008 கடைசியில செலவைக் குறைக்கிறதுக்காக ஒரு டாலர் மெனுவுக்குள்ள கொண்டு வந்த பர்கர் அது. ரெண்டுக்கும் டிஃப் போட்டுப் பார்த்தா, அந்த ஒரு ஸ்லைஸோட விலை தெரிஞ்சிடும்: சுமார் 50 கலோரி, சுமார் 200 மில்லிகிராம் சோடியம்.

50 கலோரி பெரிய விஷயமே இல்ல. ஆனா 200 மில்லிகிராம் சோடியம்னா ஒரு நாள் வரம்புல பத்துல ஒரு பங்கு, ஒரு மெல்லிசான ஸ்லைஸ்ல. ஸ்லைஸ் சீஸ் திரியாம வழவழன்னு உருகணும்னு சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் மாதிரி உப்புகளைச் சேர்ப்பாங்க. சாதாரண உப்பு போக இதுவும் கணக்குல ஏறும். பிபி இருக்கிறவங்க "சீஸ் வேண்டாம்"னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு நல்ல மதிப்பு இருக்கு.

பன்னீர்னா புரதம், சரி. கூட என்ன வருது?

மூணாவது ஜோடி, மெக்ஸ்பைசி பன்னீர், மெக்ஸ்பைசி சிக்கன். எங்க ஆபீஸ்ல ஜிம் போற நண்பர் ஒருத்தர் சைவம். பன்னீர் பர்கரைப் புரதத்துக்காகவே வாங்குவார்.

பன்னீர்: 653 கிலோ கலோரி, புரதம் 20 கிராம், கொழுப்பு 39.
சிக்கன்: 452 கிலோ கலோரி, புரதம் 21 கிராம், கொழுப்பு 19.

புரதம் கிட்டத்தட்ட சமம்தான், அவர் சொன்னது சரி. ஆனா அதே புரதத்துக்கு 200 கிலோ கலோரி கூடுதல், கொழுப்பு ரெண்டு மடங்கு. நான் அவர்கிட்ட, '100 கிலோ கலோரிக்கு எத்தனை கிராம் புரதம்'னு பாருங்கன்னு சொன்னேன். மெக்ஸ்பைசி சிக்கன்ல 4.7, பன்னீர்ல 3.1, மெக்வெஜ்ஜியில 2.5. சைவத்தை விட்டுடுங்கன்னு அவர்கிட்ட சொல்லலை, அது அவரோட விருப்பம். பர்கரைப் பர்கரா சாப்பிடுங்க, புரதத்துக்கு வீட்டுல சுண்டல் இருக்குன்னுதான் சொன்னேன்.

எதால் வகுக்கறீங்க?

இன்னொரு பொறி இருக்கு. சிலர் '100 கிராமுக்கு எவ்வளவு'ன்னு ஒப்பிடுவாங்க. பாக்கெட்ல இருக்கிற மிக்சருக்கு அது சரி. பர்கருக்கு அது ஏமாத்தும். 100 கிராமுக்குப் பார்த்தா மெக்ஆலூ டிக்கி 233 கிலோ கலோரி, சிக்கன் மகாராஜா மேக்கும் அதே 233! ஆனா யாரும் 100 கிராம் பர்கர் வாங்கறதில்ல, முழு பர்கர்தான் வாங்கறோம். முழுசா எடுத்தா ஒண்ணு 340, இன்னொண்ணு 689. கையில வாங்கற அளவு எதுவோ, அதை வெச்சுத்தான் ஒப்பிடணும்.

ஆக, 'எந்த பர்கர் நல்லது?'ங்கிறது பாதிக் கேள்வி. 'யாருக்கு, எதுக்காக?'ங்கிறதுதான் மீதி. எடை குறைக்கிறவங்க முழு பர்கரோட கலோரியைப் பாருங்க. பிபி இருந்தா சோடியம். கொலஸ்ட்ரால் இருந்தா நிறைவுற்ற கொழுப்பு. ஜிம்முக்குப் போனா 100 கிலோ கலோரிக்கான புரதம். முதல்ல காலத்தைத் தேர்ந்தெடுங்க, அப்புறம் ஒப்பிடுங்க. மாத்திப் பண்ணினா, ஏற்கெனவே வாங்கணும்னு ஆசைப்பட்ட பர்கருக்குத் தோதான எண்ணைத் தேடி எடுத்துக்குவோம். நானே பண்ணியிருக்கேன்.

கடைசியா அப்பா விஷயம். மறுநாள் காலையில காபி குடிக்கும்போது லேப்டாப்பைத் திருப்பி அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "ஆறு மாசமா ஊறுகாய் வாசனை மட்டும் பிடிச்சிட்டு இருக்கேன். ஒரு பர்கர்ல எல்லாம் போச்சா?"ன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கஷ்டமாவும் இருந்தது. அவர் கட்டுப்பாட்டை விடலை. கட்டுப்பாடு பார்க்காத இடத்துல உப்பு உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்போ இனிமே பர்கரே கூடாதா?"ன்னு கேட்டார். "கூடாதுன்னு இல்லப்பா. சின்னதா ஒண்ணு சாப்பிடுங்க, சீஸ் வேண்டாம். அன்னிக்கு ராத்திரி வீட்டுல இட்லிக்குப் பொடியைக் குறைச்சுக்கலாம்"னேன். மெக்ஆலூ டிக்கி அளவுல ஒரு பர்கர்னா சோடியம் 545 மில்லிகிராம், ஒரு நாள் வரம்புல கால்வாசிக்குக் கொஞ்சம் மேல. சமாளிக்கலாம். உங்க வீட்டுல பிபிக்கோ கிட்னிக்கோ மருந்து சாப்பிடறவங்க இருந்தா, அவங்களுக்கான வரம்பை அவங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க.

போன வாரம் அதே மாலுக்குப் போனோம். அப்பா கவுண்டர்ல நின்னு, "தம்பி, இதுல சோடியம் எவ்வளவு?"ன்னு கேட்டார். அந்தப் பையன் முழிச்சான். அப்புறம் போன்ல தேடி எடுத்துக் காட்டினான். பின்னாடி வரிசையில நின்ன இன்னொரு அங்கிள் எட்டிப் பார்த்து, "எனக்கும் சொல்லுப்பா"ன்னார்.

நீங்க அடிக்கடி சாப்பிடற ரெண்டு பர்கரை எடுத்து, உங்களுக்கான ஒரு காலத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துட்டு என்ன வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.