நிக்கல் முலாமும் மின்னோட்டமும்

மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகங்களுள் அலுமினியமும் ஒன்று. செம்பின் கடத்தும் திறனை 100 எனக் கொண்டால், அலுமினியத்தின் திறன் ஏறக்குறைய 61 ஆகும். ஒரே அளவுள்ள துண்டுகளை நிறுத்துப் பார்த்தால், அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் மூன்றிலொரு பங்கினும் குறைவு. ஆதலின் மின்சாதனங்களின் உறுப்புகள் பல இவ்வுலோகத்தால் செய்யப்படுகின்றன.

ஆயினும் அலுமினியத்திற்கு ஓர் இயல்பு உண்டு. காற்றுப் பட்டவுடனே அதன் மேற்பரப்பு ஆக்ஸிஜனுடன் கூடி, அலுமினிய ஆக்ஸைடு என்னும் படலத்தால் மூடப்படும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் சில கூறுகளே அப்படலத்தின் கனம். அஃது உலோகத்தை அரிப்பினின்றும் காக்கின்றது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. காக்கும் கவசமே இணைப்பிற்குத் தடையாகின்றது.

இத்தடையை நீக்கவே நிக்கல் முலாம் பூசுகின்றனர். நிக்கலின் கடத்தும் திறன் செம்பினதில் ஏறக்குறைய நான்கிலொரு பங்குதான். எனினும் முலாம் மிக மெல்லியதாதலால், மின்னோட்டம் அதனை எளிதில் ஊடுருவிச் செல்லும். அங்ஙனமாயின், முலாம் பூசிய உறுப்புகள் சிலவற்றில் மின்தடை மிகுவது ஏன்?

குறை பெரும்பாலும் முலாமின் அடியில் உள்ளது. ஆக்ஸைடுப் படலத்தை அகற்றாது பூசினால், நிக்கல் அலுமினியத்தை உறுதியாகப் பற்றாது. நாளடைவில் உரிந்து எழும். ஆகவே தொழிலாளர் முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்குவர்; பின்னர்த் துத்தநாகம் கலந்த காரக் கரைசலில் உறுப்பைத் தோய்ப்பர். அக்கரைசல் படலத்தைக் கரைத்து, அவ்விடத்திலேயே மெல்லிய துத்தநாகப் பூச்சைப் படியச் செய்யும். அதன்மேல் பூசப்படும் முலாமே நிலைத்து நிற்கும்.

முலாமில் நுண்துளைகள் இருப்பினும் தீங்கு நேரும். துளை வழியே ஈரம் புகுந்தால், இரண்டு உலோகங்களும் ஒரு சிறு மின்கலம் போலாகிவிடும். அப்போது அரிக்கப்படுவது அலுமினியமே. முலாம் கொப்புளம்போல் எழும், மின்தடையும் பெருகும்.

சிறு தடைதானே என்று எண்ணலாமா? ஓர் இணைப்பின் தடை, ஓமில் ஆயிரத்திலொரு பங்கு எனக் கொள்வோம். 100 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், அங்கே 10 வாட் ஆற்றல் வெப்பமாக மாறும். மின்னோட்டம் இருமடங்கானால், வெப்பம் நான்கு மடங்காகி 40 வாட் ஆகும். சிறிய இடத்தில் ஓயாது தோன்றும் இவ்வெப்பம் இணைப்பை மேலும் கெடுக்கும். அருகிலுள்ள பொருள்களில் தீப்பற்றவும் ஏதுவாகும்.

முலாமின் பளபளப்பு அதன் அடியிலுள்ள குறையைக் காட்டாது. ஆதலின் நல்ல தொழிலாளர் கண்ணை மட்டும் நம்பாமல், இணைப்பின் தடையைக் கருவிகொண்டு அளந்து பார்ப்பர். மேற்பூச்சின் சிறப்பு, அடித்தளத்தின் தூய்மையைப் பொறுத்ததே.