அமெரிக்க உயர்தரப் பாடசாலைகளில் மாணவர் பேரவையும் கழகங்களும் இசைக்குழுக்களும்

ஏட்டுக் கல்வி ஒன்றே கல்வியாகாது என்பது யாவரும் உடன்பட்ட உண்மையாகும். ஆயின், ஏட்டிற்குப் புறம்பான கல்வியைப் பாடசாலை எங்ஙனம் அளித்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு நாடுதோறும் விடை வேறுபடுகின்றது. இங்கிலாந்தில் 1828ஆம் ஆண்டு முதல் 1842ஆம் ஆண்டு வரை ரக்பிப் பாடசாலையின் அதிபராக விளங்கிய தோமஸ் ஆர்னோல்ட், மேல்வகுப்பு மாணவரிடத்தே பொறுப்பை ஒப்படைத்து, அவர் வாயிலாக ஏனையோரை நெறிப்படுத்தினார். இலங்கைக் கல்லூரிகள் நன்கறிந்த மாணவ முதல்வர் முறை இவ்வாங்கில மரபின் வழிவந்ததாகும். இம்முறையில் அதிகாரம் அதிபரிடமிருந்து கீழிறங்கி வருகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் உயர்தரப் பாடசாலைகளோ வேறொரு வழியை நாடின. மாணவர் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தெரிதல், விருப்பம் ஒத்தவர் கூடிக் கழகம் அமைத்தல், பலர் ஒருங்கிருந்து இசைத்தல் என்னும் மூன்றும் அங்கே குடிமைப் பயிற்சியின் உறுப்புக்களாகக் கொள்ளப்பட்டன.

இதற்குக் காரணம் அந்நாட்டின் சமுதாய நிலையே. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் அரசினர் உயர்தரப் பாடசாலைகளிற் பயின்றோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேரே. 1920இல் அத்தொகை 22 இலட்சமாகவும், 1940இல் 66 இலட்சமாகவும் பெருகிற்று. முன்னர்ச் சிலருக்கே உரித்தாயிருந்த கல்விக்கூடத்தினுள் தொழிலாளர் பிள்ளைகளும் கமக்காரர் பிள்ளைகளும் பிறநாடுகளிலிருந்து குடியேறினோர் பிள்ளைகளும் திரளாகப் புகுந்தனர். இவர்களுட் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் புகாதவர். ஆயினும், யாவரும் நாளை வாக்காளராவர். ஆதலின், 1918ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் கிங்ஸ்லியின் தலைமையில் அமைந்த கல்விக்குழு, இடைநிலைக் கல்வியின் நோக்கங்கள் ஏழென வகுத்தபோது, உடல்நலம், தொழில் முதலியவற்றோடு குடிமையையும் ஓய்வுநேரத்தின் நற்பயனையும் ஒழுக்கத்தையும் சேர்த்துரைத்தது. பொழுதுபோக்கெனக் கருதப்பட்டவை கல்வியின் பகுதியாயின.

மாணவர் பேரவையின் அமைப்பு எளியது. வகுப்புத்தோறும் பிரதிநிதிகள் தெரியப்படுவர். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் பெரும்பாலும் மாணவர் அனைவரின் வாக்கினாலே தெரிவர். பேரவைக்கு எழுதப்பட்ட யாப்பு ஒன்று உண்டு. கூட்ட நடைமுறைக்கு, அமெரிக்கப் படையின் பொறியியல் அதிகாரியாகிய ஹென்றி ரொபேட் 1876இல் வெளியிட்ட விதிநூல் பெரிதும் துணையாயிற்று. பிரேரணையை முன்மொழிதல், வழிமொழிதல், திருத்தம் கொணர்தல், பெரும்பான்மையினரின் முடிவிற்குச் சிறுபான்மையினர் அடங்குதல், சிறுபான்மையினரின் சொல்லைப் பெரும்பான்மையினர் பொறுமையுடன் கேட்டல் ஆகியவற்றை மாணவர் செய்து பழகுகின்றனர். 1931இல் இப்பேரவைகளுக்கென நாடளாவிய சங்கம் ஒன்றும் தோன்றிற்று.

எனினும், ஈண்டு ஓர் உண்மையை மறத்தலாகாது. பேரவையின் அதிகாரம் அதனுடையதன்று, அதிபர் அளித்தது. அவர் விரும்பின் பேரவையின் முடிவைத் தள்ளிவிடலாம். இளைஞரைக் காக்கும் கடமை சட்டப்படி பாடசாலையின் மேலதாகலின் இது தவிர்க்கவியலாதது. கேடு விளைவது அதிகாரம் சிறிதாயிருப்பதனால் அன்று, பொய்யாயிருப்பதனாலேயாம். விழாவிற்கு மண்டபத்தை அலங்கரிப்பதோடு பேரவையின் பணி முடியுமாயின், தேர்தல் என்பது வெறும் விளையாட்டு என்னும் பாடத்தையே மாணவர் கற்பர். மாறாக, கழகங்களுக்குரிய பணத்தைப் பங்கிடும் பொறுப்பு ஒன்றையேனும் மெய்யாக ஒப்படைத்தால், கேட்டவர் அனைவர்க்கும் கேட்டதனைத்தும் கொடுத்தல் இயலாது என்னும் ஆட்சியியலின் முதற் பாடத்தை அவர் ஒரு தவணைக்குள் உணர்ந்துகொள்வர்.

பேரவையின் வரம்பு இதுவாக, தனி மாணவனின் உரிமைக்கு வரம்பு யாது என்னும் வினாவும் எழுந்தது. 1965ஆம் ஆண்டு டிசெம்பரில், அயோவா மாநிலத்து டி மொயின் நகரில், வியட்நாம் போரில் இறந்தோர்க்கு இரங்கிக் கைகளிற் கறுப்புப் பட்டி அணிந்து வந்த மாணவர் சிலர் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டனர். 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாடசாலைப் பணிக்கு ஊறு செய்யாதவரை மாணவரின் கருத்துரிமை பாடசாலை வாயிலில் நீங்கிவிடுவதில்லை எனத் தீர்ப்பளித்தது. ஆயின், மிசூரி மாநிலத்தில் மாணவர் பத்திரிகையின் இரு பக்கங்களை அதிபர் நீக்கியது பற்றிய வழக்கில், பாடசாலையின் ஆதரவில் வெளிவரும் எழுத்தைத் தகுந்த கல்விக் காரணம் பற்றி அதிபர் கட்டுப்படுத்தலாம் என அதே நீதிமன்றம் 1988இல் கூறிற்று. தன் பெயராற் பேசும் மாணவனுக்கு ஒரு வரம்பும், பாடசாலையின் பெயராற் பேசும் மாணவனுக்கு வேறொரு வரம்பும் இவ்வாறு வகுக்கப்பட்டன.

கழகங்கள் பலதிறப்பட்டன. விவாதம், விஞ்ஞானம், நாடகம், பிறமொழி, சதுரங்கம் எனப் பாடசாலைதோறும் அவை பெருகின. கமத்தொழில் பயிலும் மாணவர்க்கென 1928இல் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் கிளைகள் பரப்பியது. கழகத்தின் சிறப்பு அது விருப்பத்தின்பாற் பிறப்பதேயாம். எனின், யாருடைய விருப்பத்திற்கு இடமளிப்பது? ஒமாகா நகரத்து உயர்தரப் பாடசாலையொன்றில், சதுரங்கத்திற்கும் நீர்மூழ்கற் பயிற்சிக்கும் கழகங்கள் இருக்க, வேதாகமம் படிக்கும் கழகத்திற்கு மாத்திரம் இசைவு மறுக்கப்பட்டது. பாடத்தொடர்பற்ற கழகம் ஒன்றிற்கேனும் இடமளித்த பாடசாலை, கருத்து நோக்கிப் பிறிதொன்றை விலக்குதலாகாது என, 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

சட்டம் திறக்கும் கதவு ஒன்று. வறுமை அடைக்கும் கதவு மற்றொன்று. சமூகவியலறிஞர் ஓகஸ்ட் ஹொலிங்ஷெட், இலினோய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் இளைஞரை ஆராய்ந்து 1949இல் வெளியிட்ட நூலில், பாடசாலைக் கழகங்களிலும் விழாக்களிலும் உயர்குடிப் பிள்ளைகளே மிகுதியாகப் பங்குபற்றினர் என்றும், எளியோர் பிள்ளைகள் ஒதுங்கி நின்றனர் என்றும் காட்டினார். யாவர்க்கும் பொது எனப்பட்டவை மெய்யாகப் பொதுவாயிருக்கவில்லை.

இசைக்குழுவின் வரலாறு சுவைமிக்கது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பாடசாலைகளில் பாண்டு வாத்தியக் குழுக்கள் பெருகின. 1923இல் சிக்காகோ நகரில் முதலாவது நாடளாவிய போட்டி நடைபெற்றது; அதனை முன்னின்று நடத்தியோர் வாத்தியங்களை விற்பனைக்காகச் செய்த உற்பத்தியாளரே. வணிக நோக்கிற் பிறந்ததாயினும், அதனால் விளைந்த இசையார்வம் மெய்யானது. ஜோசப் மாடி என்பார் 1928இல் மிச்சிக்கன் மாநிலத்து இன்ரலோக்கனில் உயர்தரப் பாடசாலை மாணவர்க்கென ஓர்க்கெஸ்ட்ராப் பயிற்சி முகாமைத் தொடங்கினார். காலப்போக்கிற் பாண்டு, ஓர்க்கெஸ்ட்ரா, குழுப்பாடல் ஆகியன பல பாடசாலைகளில் நேரசூசியில் இடம்பெற்ற பாடங்களாகவே ஆயின.

பேரவையில் மாணவன் பேசக் கற்கின்றான். இசைக்குழுவிலோ கேட்கக் கற்கின்றான். தாளத்தை வாக்கெடுப்பினால் முடிவுசெய்தல் இயலாது. தன் முறை வருமளவும் வாத்தியத்தைத் தாழ்த்தி அளவெண்ணிக் காத்திருப்பவனும் அவ்விசைக்கு உரியவனே. உரத்து ஒலிப்பவன் சிறந்தவனாகான். அயலவனின் ஓசை கேட்குமளவிற்குத் தன் ஓசையை அடக்குபவனே சிறந்தவன். குடியாட்சிக்கு வாக்குரிமை எத்துணை வேண்டுமோ அத்துணை இப்பண்பும் வேண்டும்.

இவையெல்லாம் கல்வியா, கல்விக்குரிய பரிசா? ரெக்சஸ் மாநிலம் 1984இல் இயற்றிய சட்டம், பாடமொன்றிற் சித்தியடையாத மாணவனை விளையாட்டுக்களிலும் போட்டிகளிலும் பங்குபற்றாது தடுத்தது. பாடமே முதன்மை என்னும் நோக்கம் பழுதன்று. ஆயின், கணிதத்தில் இடறிய மாணவனுக்குப் பாடசாலையோடுள்ள ஒரே பிணைப்பு அவன் ஊதும் எக்காளமாயின், அதனைப் பறித்தபின் அவன் கணிதத்தை நாடுவானா, பாடசாலையை விட்டே நீங்குவானா என்னும் ஐயம் எழாமற் போகவில்லை. பரிசெனக் கொள்வோர் தடையை ஏற்பர். கல்வியெனக் கொள்வோர் ஏற்கத் தயங்குவர்.

பேரவையின் பெயரோ கழகங்களின் தொகையோ வென்ற கேடயங்களோ ஒரு பாடசாலையின் பெருமையை அளக்கும் கோல்களாகா. மாணவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு மெய்யானதா, அதனை அடையும் வாயில் எளியோர்க்கும் திறந்திருக்கின்றதா என்னும் இரு வினாக்களே உரைகற்களாவன. அதிபர் தெரியும் மாணவ முதல்வராயினும், மாணவர் தெரியும் தலைவராயினும், இவ்வுரைகல் இருசாரார்க்கும் ஒன்றே.