பெட்டியைப் பிரித்துக் காட்டினால் மட்டும் போதுமா?

"அண்ணே, ஒரு சேனல் ஆரம்பிக்கப் போறேன். டெக் ரிவியூ, ஹார்டுவேர் புராஜெக்ட் ரெண்டும் போடணும். ஐடியா குடுங்க."

கேட்டது என் சித்தப்பா மகன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் கடைசி ஆண்டு படிக்கிறான். நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். மாதம் ஒரு முறை பூதலூரில் ரயிலை விட்டிறங்கி, பஸ் பிடித்துத் திருக்காட்டுப்பள்ளிக்கு வந்துவிடுவேன். இப்படி வரும்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது போனில் மெமரி நிறைந்திருக்கும், அல்லது பிரிண்டர் வேலை செய்யாது. இந்த முறை நோட்டுப் புத்தகத்தோடு தம்பி காத்திருந்தான்.

நோட்டில் 20 தலைப்புகள். அவற்றில் 18, புதிதாக வந்த செல்போன்களின் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது. மீதி இரண்டில் ஒன்று ஆர்டினோவில் எல்.இ.டி. விளக்கை மின்ன வைப்பது, மற்றொன்று போன் மூலம் ஃபேன் போடுவது. "இந்த 18 போனையும் வாங்க யார் பணம் தருவார்கள்?" என்று கேட்டேன். தம்பியிடம் பதில் இல்லை.

நீங்களும் இப்படி ஒரு சேனல் தொடங்கும் எண்ணத்தில் இருக்கலாம். புதிய போன் வெளியாகும் அன்றே சென்னை, பெங்களூரு சேனல்கள் அதைக் காட்டிவிடும். அந்த ஓட்டப் பந்தயத்தில் நாம் ஓட முடியாது, ஓடவும் தேவையில்லை. நம் பக்கத்து மாவட்டத்தையே பாருங்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. ஒரு தாத்தாவும் பேரன்களும் தங்கள் ஊர் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அதற்காக அவர்கள் ஸ்டூடியோ எதுவும் கட்டவில்லை. நம் ஊர் வயலில் சமையல் மட்டும்தான் நடக்கிறதா? மோட்டார் ஓடுகிறது, ஸ்டார்ட்டர் ஓடுகிறது, நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் மெஷின் ஓடுகிறது. இவற்றை ஒழுங்காகச் சோதித்துக் காட்டும் வீடியோக்கள்தான் குறைவு. அந்தக் குறை எங்கள் வீட்டுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைச் சொல்கிறேன்.

மோட்டார் எரிந்த கதை

2024-ம் ஆண்டு ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. ஜூலை 28-ம் தேதிதான் திறந்தார்கள். குடமுருட்டிக் கரையில் இருந்துகொண்டும் அந்த ஆண்டுக் குறுவைக்கு எங்களுக்கு போர்வெல் தண்ணீர்தான் கதி. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். ராத்திரி முறை என்றால் டார்ச்சோடு வரப்பில் நடந்துபோய் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும். பாம்பு பயம் வேறு. எனவே சித்தப்பா ஒரு ரிவியூ வீடியோவைப் பார்த்து மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி மாட்டினார். போன் செய்தால் மோட்டார் ஓடும், மறுபடி செய்தால் நிற்கும்.

வீடியோ ஆறு நிமிடம். பெட்டியைப் பிரித்தார்கள், சிம் போட்டார்கள், விளக்கு எரிந்தது, மோட்டார் ஓடியது. "சூப்பர், தாராளமாக வாங்கலாம்" என்று முடித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் ராத்திரி, சித்தப்பா ஒரு கல்யாண வீட்டிலிருந்து போன் செய்து மோட்டாரைப் போட்டார். நடுவில் ஒரு ஃபேஸ் போய்விட்டது. மூன்று ஃபேஸில் ஓட வேண்டிய மோட்டார், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றை இழந்தால் உடனே நின்றுவிடாது. அதே பாரத்தை மீதி இரண்டு ஃபேஸ்களில் இழுக்கும். அந்த ஒயர்களில் கரண்ட் சுமார் 1.7 மடங்கு ஆகிவிடும். ஓவர்லோடு ரிலே அதைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் 'அடிக்கடி விழுகிறது' என்று யாரோ எப்போதோ அதன் திருகை ஏற்றி வைத்திருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தபோது காயில் கருகிய வாடை. கழற்றி, ரீவைண்டிங் செய்து, மறுபடி இறக்கிய கூலியோடு 14,000 ரூபாய். அதைவிடப் பெரியது, ஆறு நாள் தண்ணீர் இல்லாமல் நாற்றங்கால் காய்ந்தது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான், காயில் இலவசம் இல்லையே.

அந்தப் பெட்டியில் 'ஃபேஸ் போனால் தானாக நிற்கும்' என்று அச்சிட்டிருந்தது. பொய் என்று சொல்ல முடியாது. மோட்டார் நின்றிருக்கும்போது ஒரு ஃபேஸ் இல்லையென்றால், அது ஸ்டார்ட் ஆக விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது போனால்தான் சிக்கல். சுற்றுகிற மோட்டார் ஒரு ஜெனரேட்டரைப் போல, அறுந்துபோன ஃபேஸிலும் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டிருக்கும். வோல்டேஜை மட்டும் பார்க்கும் சாதனம் 'மூன்றும் இருக்கிறது' என்று ஏமாந்துவிடும். ஒவ்வொரு ஃபேஸின் கரண்டையும் அளக்கும் சாதனமாக இருந்தால் ஏமாறாது. இந்த ஒரு விஷயத்தை அந்த ஆறு நிமிடத்தில் சோதித்துக் காட்டியிருந்தால் சித்தப்பா வேறு மாடல் வாங்கியிருப்பார்.

முதல் யோசனை இதுதான் என்று தம்பியிடம் சொன்னேன். ரீவைண்டிங் கடையில் ஒரு சிறிய மூன்று ஃபேஸ் மோட்டாரை டேபிளில் வைத்து, ஒரு ஃபேஸில் மட்டும் தனி ஸ்விட்ச் கொடுத்து, ஓடும்போது அதை ஆஃப் செய்ய வேண்டும். எத்தனை வினாடியில் ஸ்டார்ட்டர் மோட்டாரை நிறுத்துகிறது என்று கடிகாரத்தோடு படம் பிடிக்க வேண்டும். இதை வயலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் செய்து பார்க்கவே கூடாது. கடையிலும் லைசென்ஸ் உள்ள வயர்மேன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அதே வீடியோவில் சிம் பற்றியும் சொல்ல வேண்டும். விலை குறைந்த பல மொபைல் ஸ்டார்ட்டர்களில் இருப்பது 2ஜி மோடம். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது என்பதால் அந்த சிம் இதில் எடுக்காது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றிய பிறகு, ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிம்முக்கான ஓராண்டு ரீசார்ஜும் சாதாரணச் செலவில்லை. ரிவியூவில் சொல்லும் விலையில் இதையும் சேர்க்க வேண்டுமா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

யார் காசு?

ஆஸ்திரேலியாவில் டேவிட் ஜோன்ஸ் என்ற எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் 2009 முதல் ஈஈவிபிளாக் என்ற வீடியோ தொடரை நடத்துகிறார். வருகிற சாதனத்தை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, உள்ளே என்ன கெப்பாசிட்டர், எப்படி சால்டர் செய்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுவது அவர் வழக்கம். அமெரிக்காவில் புராஜெக்ட் ஃபார்ம் என்ற சேனல், ஒரே வகைப் பொருளைப் பல கம்பெனிகளிலிருந்து சொந்தக் காசில் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே சோதனைக்கு உட்படுத்துகிறது. இரண்டுமே ஆடம்பரமான படப்பிடிப்புக்குப் பெயர் போனவை அல்ல. தமிழில் பிரேமானந்த் சேதுராஜனின் எல்.எம்.இ.எஸ். போன்ற சேனல்கள் அறிவியலை எளிமையாக விளக்கும் வேலையை நன்றாகவே செய்திருக்கின்றன. விளக்கம் சொல்ல ஆள் இருக்கிறார்கள், அளந்து காட்டத்தான் ஆள் வேண்டும்.

கம்பெனி இலவசமாகக் கொடுத்த பொருள் என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் அல்ல. 2021-ல் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் இதற்கு விதிமுறைகள் வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டி வெளியிட்டது. வீடியோவுக்குக் கீழே எங்கோ ஓர் ஓரத்தில் எழுதினால் போதாது, வீடியோவிலேயே பார்க்கவும் கேட்கவும் இருக்க வேண்டும். வீடியோ தமிழில் என்றால் அந்த அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. தம்பி இதைக் கேட்டு, "அப்ப ஓசி போன் வேணாம்ணே" என்றான். வாங்கட்டும், ஆனால் சொல்லிவிட்டுப் பேசட்டும் என்றேன்.

17-ஆ, 20-ஆ?

எனக்கு மிகவும் பிடித்த யோசனை நெல் ஈரப்பதமானி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்தியதும் உண்டு. மூட்டையை ஏற்றிக்கொண்டு போய், அங்கே 'ஈரம் அதிகம்' என்றால் ரோட்டில் கொட்டிக் காய வைக்க வேண்டும். இடையில் ஒரு மழை வந்தால் தீர்ந்தது. ஆகவே பலரும் ஆன்லைனில் விற்கும் சிறிய மீட்டர்களைத் தேடுகிறார்கள். அவை சரியாகக் காட்டுகின்றனவா?

இந்த மீட்டர்கள் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. நெல் மணிகளின் மின்தடையையோ, மின்தேக்கும் திறனையோ அளந்து, அதிலிருந்து ஈரப்பதத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. நெல்லின் சூடு, ரகம், எவ்வளவு இறுக்கமாகக் கொட்டினோம் என்பதெல்லாம் எண்ணை மாற்றும். சரிபார்க்க ஒரு பழைய முறை உண்டு. 100 கிராம் நெல்லை எடை போட்டு, ஓவனில் இனி எடை குறையாது என்ற நிலை வரும் வரை உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். 83 கிராம் வந்தால் ஈரப்பதம் 17 சதவீதம். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய எடை மெஷின் போதும்.

ஒரே நெல்லை மூன்று மீட்டர்களிலும் ஓவனிலும் போட்டு, காலை வெயிலில் ஒரு முறை, மதிய வெயிலில் ஒரு முறை காட்டினால் டெல்டாவில் அந்த வீடியோவைப் பார்க்காத வீடு இருக்காது. ஏன் தெரியுமா? 20 சதவீத ஈரத்தில் உள்ள 1,000 கிலோ நெல்லை 17-க்குக் காய வைத்தால் எடை சுமார் 964 கிலோ ஆகிவிடும். 36 கிலோ காற்றில் போகிறது. மீட்டர் தவறாகக் காட்டியதால் தேவைக்கு மேல் காய வைத்தால் அந்த நஷ்டம் இன்னும் கூடும்.

சின்னச் சின்ன வேலைகள்

வீட்டில் இருந்து வேலை பார்ப்பவர்களுக்காக ரவுட்டர் யு.பி.எஸ். ஒன்றைச் சோதிக்கலாம். பெட்டியில் 8,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று இருக்கும். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 29.6 வாட் ஹவர். ரவுட்டர் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 6 வாட் எடுத்தால், வோல்டேஜை ஏற்றுவதில் போகும் நஷ்டம் நீங்கலாக நான்கு மணி நேரம் வந்தால் நல்ல யு.பி.எஸ். இரண்டு மணி நேரத்தில் அணைந்தால் பெட்டி பொய் சொல்கிறது. கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு ஓடும் நேரத்தைக் குறித்தால் போதும், இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

செல்போன் ரிவியூதான் போடுவேன் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். சரி, நடவு நேரத்தில் மதியம் 12 மணிக்கு வயல் நடுவில் ஸ்க்ரீன் தெரிகிறதா, சேறு படிந்த ஈரக் கையால் டச் எடுக்கிறதா, டிராக்டர் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும்.

ஹார்டுவேர் புராஜெக்ட்டில் என் முதல் கண்டிப்பு ரிலே பற்றியது. கடையில் கிடைக்கும் அந்த நீல நிற ரிலே 10 ஆம்பியர்தான் தாங்கும். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் என்றாலும், கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு வரை இழுக்கும். மோட்டாரை நேரடியாக அதில் கொடுத்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், பிறகு நிறுத்தவே முடியாது. ரிலே, ஸ்டார்ட்டருக்குள் உள்ள காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும், மோட்டாரைக் காண்டாக்டர் இயக்கட்டும்.

இரண்டாவது, காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கான வயல்நீர்க் குழாய். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை இது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளக் குழாயின் கீழ்ப்பகுதியில் துளைகள் போட்டு வயலில் புதைப்பார்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் இப்படிக் காய விடக் கூடாது. இந்தக் குழாய்க்குள் ஒரு மிதவை ஸ்விட்ச்சும் இ.எஸ்.பி. 32 போர்டும் வைத்து, போனுக்குத் தகவல் அனுப்பலாம். ஆனால் வீடியோவில் ஒரு சாதாரண மர ஸ்கேலையும் பக்கத்தில் வைத்துக் காட்டு என்றேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள வயலுக்கு ஸ்கேலே ஜெயிக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வயலுக்குத்தான் சென்சார் காசுக்குப் பெறும்.

வாய்க்கால் தண்ணீர் மட்டத்தை அல்ட்ராசோனிக் சென்சாரால் அளப்பது எல்லோரும் போடும் புராஜெக்ட். ஆனால் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355. சித்திரை வெயிலில் மூன்று மீட்டர் தூரத்தில் 10 சென்டிமீட்டர் பிழை வரும். ஒரு வெப்பநிலை சென்சாரைச் சேர்த்து அதைத் திருத்திக் காட்டினால், அதுவே தனி வீடியோ.

கேமராவுக்கு இப்போதிருக்கும் போனே போதும். சட்டைக் காலரில் மாட்டும் மைக் ஒன்று மட்டும் வாங்கச் சொன்னேன். மோட்டார் கொட்டகைக்குள் போன் மைக்கில் பேசினால் ஒன்றும் புரியாது.

மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டில் இருந்தபோது தம்பி போன் செய்தான். ரீவைண்டிங் கடைக்காரர் சம்மதித்துவிட்டாராம், ஞாயிற்றுக்கிழமை டேபிள் மோட்டார் தருகிறாராம். சோதிக்க மொபைல் ஸ்டார்ட்டர் எங்கே கிடைக்கும் என்றேன்.

"அப்பா வாங்கினதுதான் பரண்ல கிடக்கேண்ணே. அதையே முதல்ல மாட்டுறேன்" என்றான். பின்னால் சித்தப்பாவின் குரல் கேட்டது: "அதை எறக்கும்போது பாத்துடா, வாரண்டி கார்டும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு."